தாங்குஞ் சொற்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் நிலைபெறுவது எளிய செயலன்று. தொடங்குவதற்கு ஆர்வம் போதும். தொடர்வதற்குத் தாங்குவார் வேண்டும். எனவே இந்நன்னாளில் 'தாங்குதல்' என்னும் கருத்தைச் சுட்டும் சொற்களைப் பற்றிப் பேசலாம் எனக் கருதினேன். இக்காலத்தில் இக்கருத்துக்கு நம் நாவில் முதலில் வருவது 'சப்போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லே. 'நீங்கதான் சப்போர்ட் பண்ணணும்' என்று தேர்தலில் நிற்பவரும் கூறுகிறார். திருமணத்திற்கு அழைப்பவரும் கூறுகிறார். கவிதைத் தொகுப்பு வெளியிடும் நம் நண்பரும் கூறுகிறார். அச்சொல்லை நான் பழிக்க வரவில்லை. அதன் வேரையும், அது வந்தமர்ந்த இடத்தில் முன்பிருந்த நம் சொற்களின் வேரையும் தோண்டிப் பார்ப்போம் என்பதே என் விருப்பம். தோண்டும்போது ஓர் உண்மை புலப்படும். தாங்குதலைச் சுட்டும் சொல் எதுவாயினும், தாங்குபவர் எங்கே நிற்கிறார், தாங்கப்படுபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் அது உடன் சொல்லிவிடுகிறது. மேலா, கீழா, பக்கத்திலா என்பதே கேள்வி.

கீழிருந்து சுமத்தல்

'சப்போர்ட்' என்பது இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல். 'சுப்' என்னும் முன்னொட்டுக்குக் 'கீழ்', 'கீழிருந்து' என்பன பொருள். 'போர்த்தாரே' என்பது சுமத்தல். புகைவண்டி நிலையத்தில் நம் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறாரே போர்ட்டர், அவர் பெயரிலும் இதே வேர்தான் உள்ளது. டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் முதலியனவும் இதன் கிளைகளே. எனவே 'சப்போர்ட்' என்பதற்கு வேர்ப்பொருள், கீழிருந்து சுமந்து மேலே கொண்டுவருதல் என்பதாகும்.

இந்தச் 'சுப்' என்பது வேறு பல சொற்களிலும் ஒளிந்துள்ளது. 'சஸ்டெயின்' என்பது கீழிருந்து பிடித்துக்கொள்ளுதல். 'சக்கர்' என்பது, இடுக்கணில் இருப்பவரிடம் ஓடிச் சேர்தல். அதன் வேரில் 'ஓடுதல்' என்னும் வினை இருக்கிறது. 'சப்சிடி' என்பது இலத்தீனில் போர்முனைக்குப் பின்னே அமர்ந்து காத்திருக்கும் சேமப்படையைக் குறித்தது; முன்வரிசை தளரும்போது எழுந்து வருவது அது. பின்னர் எவ்வகை உதவிக்கும் ஆகி, இன்று அரசு தரும் பணவுதவிக்குப் பெயராயிற்று.

பக்கத்தில் நிற்கும் சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. 'அசிஸ்ட்' என்பதன் வேர்ப்பொருள் அருகே நிற்றல். 'கம்பானியன்' என்பது ஒருங்கிருந்து ரொட்டி உண்பவர். 'ப்ராப்' என்னும் சிறு சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பர். திராட்சைக் கொடிக்கு நடும் கொம்பு என்பது அங்கு அதன் பொருள். இனி, 'டிபெண்ட்' என்பதையும் நோக்குக. நாம் 'சார்ந்திருத்தல்' என மொழிபெயர்க்கிறோம். அதன் வேரோ 'தொங்குதல்' என்பதாகும். மேலே ஒருவர் பிடித்திருக்க, கீழே ஒருவர் தொங்குகிறார். சாய்ந்திருப்பவருக்குக் கால் தரையில் இருக்கிறது. தொங்குபவருக்கு அதுவும் இல்லை. இரண்டு சொல்லையும் நிகரெனக் கொள்ளும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

தமிழில் 'தாங்கு' என்பதே இக்குடும்பத்தின் தலைச்சொல். கூரையைத் தூண் தாங்குகிறது. குடும்பத்தை ஒருவர் தாங்குகிறார். அதே சொல்லைத்தான் 'வலி தாங்க முடியவில்லை' என்றும் ஆள்கிறோம். சுமத்தலும் பொறுத்தலும் ஒரே சொல்லில் அடங்கும் இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியில் 'சப்போர்ட்' என்பதன் மூலச்சொல் இன்றும் 'பொறுத்துக்கொள்ளுதல்' என்னும் பொருளில் வழங்குகிறது. ஆங்கிலத்தில் 'பேர்' என்னும் வினைக்கும் சுமத்தல், பொறுத்தல் என்னும் இரு பொருளும் உண்டு. கடல்கடந்த மக்களும் நம் மக்களும் தனித்தனியே கண்ட உண்மை இது: பிறரைச் சுமப்பவர் எதையோ பொறுத்துக்கொண்டுதான் சுமக்கிறார்.

'பொறு' என்னும் வினையிலிருந்து கிளைத்த சொற்களையும் எண்ணிப் பார்க்கலாம். 'பொறை' என்றால் சுமை. 'பொறை' என்றாலே பொறுமையும் ஆகும். வள்ளுவர் பொறையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். 'பொறுப்பு' என்பதும் இவ்வேரினதே. ஒருவரைப் 'பொறுப்பாளர்' என அழைக்கும்போது, சுமப்பவர் என்றும், நம்மையெல்லாம் பொறுத்துக்கொள்பவர் என்றும் சேர்த்தே அழைக்கிறோம். இவ்வட்டத்தின் பொறுப்பாளர்கள் இப்பொருள் விளக்கத்தை மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

வயலும் வீடும் தந்த சொற்கள்

நூல்களில் மட்டும் தேடினால் போதாது. உழவரும் கொத்தரும் தச்சரும் ஆளும் சொற்களில் இக்கருத்து இன்னும் துலக்கமாக இருக்கிறது. குலை தள்ளிய வாழை சாயாதிருக்கக் கழி ஊன்றுவதை 'முட்டுக் கொடுத்தல்' என்கிறோம். சரிவில் நிறுத்திய வண்டி உருளாதிருக்கச் சக்கரத்தடியில் கல் வைப்பது 'அண்டை கொடுத்தல்'. 'அண்டு' என்றால் நெருங்குதல். பக்கத்து வீடு 'அண்டை வீடு' ஆவதும், நெருங்கி நின்று தடுக்கும் கல் 'அண்டை' ஆவதும் ஒரே கருத்தினாலேயே. அண்டை வீட்டார் என்னும் சொல்லுக்குள்ளேயே உருளாமல் தடுக்கும் அந்தக் கல்லும் கிடக்கிறது.

'முட்டுக் கொடுத்தல்' என்பதற்கு இன்று வேறொரு பொருளும் வந்துவிட்டது. தம் தலைவர் எது செய்தாலும் அதற்கு நியாயம் கற்பிப்பவரை 'முட்டுக் கொடுக்கிறார்' என இளைஞர்கள் எள்ளுகின்றனர். சொல்லைப் பிழையாக ஆண்டனர் எனக் கூற இயலாது. வேர் பற்றாத மரத்திற்கும் கழி ஊன்றி நிறுத்தலாம் என்பது முட்டு என்னும் சொல்லிலேயே உள்ள குறைபாடுதானே.

'கால்' என்னும் சொல்லையும் கருதுக. உடம்பைத் தாங்கும் உறுப்பின் பெயரே தூணுக்கும் ஆயிற்று. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் நாம் காண்பது நூற்றுக்கால் மண்டபம். திருமணத்திற்கு முதற்செயல் பந்தற்கால் நடுதல். வெற்றிலைத் தோட்டத்திற்குக் 'கொடிக்கால்' என்றே பெயர். அங்குக் கொடி படர்வதற்கு முன்னரே அகத்தியை விதைத்து வளர்க்கின்றனர். பின்னர் வெற்றிலைக் கொடியை அதன்மேல் ஏற்றிக் கட்டுகின்றனர். தோட்டத்தின் விளைபொருள் வெற்றிலையே. ஆயினும் பெயர் அமைந்தது வெற்றிலையால் அன்று, அதைத் தாங்கும் காலால். அந்தக் காலும் உயிருள்ள மரம். அது தழைத்தால்தான் கொடியும் தழைக்கும். தாங்குபவரை வற்றவிட்டு எதையும் வளர்க்க முடியாது என்பதை நம் உழவர் இப்பெயரிலேயே எழுதி வைத்தனர்.

கொழுகொம்பு என்றவுடன் பாரி நினைவுக்கு வருவான். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்ற அவன் செயலைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. பலரும் இதைக் கொடைமடத்திற்குச் சான்றாகக் காட்டுவர். வகுப்பில் நான் மாணவியர்க்கு வேறொன்றைச் சுட்டுவதுண்டு. முல்லை கேட்கவில்லை, முல்லைக்கு வாயில்லை. கேளாமலே தேவையை உணர்ந்த கண்ணே அச்செய்தியின் உயிர்.

கேட்கும் சொல்லிலும் உயரம் உண்டு

கேட்பதிலும் படிநிலை உண்டு என்பதைத் தொல்காப்பியர் வரையறுத்தார். சொல்லதிகாரத்து எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்கையில் 'ஈ' என்பார். நிகரானவர் 'தா' என்பார். உயர்ந்தவர் 'கொடு' என்பார். கேட்கப்படும் பொருள் ஒன்றே. எனினும் கேட்பவரின் இடம் மாறச் சொல்லும் மாறுகிறது. இவ்வளவு நுண்மையாக உயர்வு தாழ்வை அளந்த மொழி, அதைக் கடக்கும் வழியையும் வைத்திருக்கிறதா என்பதே நான் கேட்க விரும்புவது.

வள்ளுவர் வைத்திருக்கிறார். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னரே ஒப்புரவறிதல் என வேறோர் அதிகாரம் வகுத்தார். 'ஈகை' என்பதில் கொடுப்பவரும் ஏற்பவரும் வெவ்வேறு படியில் நிற்கின்றனர். 'ஒப்புரவு' என்பதில் 'ஒப்பு' இருக்கிறது. ஊரோடு ஒத்து வாழ்பவன் செய்வது அது. அவ்வாறு செய்பவனுக்கு எவரும் கடன்பட்டவர் ஆவதில்லை.

'துணை' என்னும் சொல்லே இவ்வகையில் எனக்கு மிகவும் உவப்பானது. இத்துணை, அத்துணை, எத்துணை என்கிறோமே, அங்கெல்லாம் 'துணை' என்பதற்கு அளவு என்பது பொருள். இரட்டை, இணை, ஒப்பு என்பனவும் அச்சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்கள். உதவி என்பதும் அதற்குப் பொருள். அளவு, இணை, உதவி ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், ஒருவருக்குத் துணையாதல் என்பது அவருக்கு நிகரான அளவில் நிற்றல் என விளங்கும். துணைக்குக் கூப்பிடும் சிறுவன் தன்னைத் தூக்கிச் செல்லுமாறு கேட்பதில்லை. உடன் நடக்குமாறு கேட்கிறான். பெரியாரைத் துணைக்கோடல், வாழ்க்கைத் துணைநலம் எனக் குறளின் அதிகாரத் தலைப்புகளில் இச்சொல் பெரியாருக்கும் மனைக்கும் பொதுவாக வருகிறது. நம் முன்னோர் கடிதத்தின் உச்சியில் தம் வழிபடு தெய்வத்தின் பெயரெழுதித் 'துணை' என்று முடித்தனர். தெய்வத்தையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும் உரிமையை அச்சொல் அவர்களுக்குத் தந்தது.

ஈழத்துத் தமிழர் இச்சொல்லைப் புதிய தேவைக்கு ஆண்ட திறம் போற்றத்தக்கது. ஆங்கிலத்தில் 'கவுன்சலிங்' எனப்படுவதை நாம் பெரும்பாலும் 'ஆலோசனை' என்கிறோம். அவர்கள் 'உளவளத்துணை' என வழங்குகின்றனர். போரும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட மக்கள், நொந்த உள்ளத்திற்கு வேண்டுவது மேலிருந்து வரும் அறிவுரை அன்று, உடனிருத்தல் என்பதை உணர்த்தும் சொல் அது.

பற்றுபவர் பக்கத்துச் சொற்கள்

மற்றொரு சிறப்பும் உண்டு. தாங்குபவரின் செயலால் அன்றி, பற்றுபவரின் செயலால் பெயர்பெற்ற சொற்கள் தமிழில் மிகுதி. 'பற்றுக்கோடு' என்பதில் பற்றுவது கொடி. கோடு என்பது கொம்பு. 'சார்பு' என்பதில் சார்கின்றவர் செயலே சொல்லாயிற்று. 'புகல்' என்பது புகுகின்றவர் செய்வது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் பயிலும் 'களைகண்' என்னும் சொல் துன்பம் களையும் இடத்தைச் சுட்டுவது. ஆதரவு தேடுபவர் இச்சொற்களில் வெறும் சுமையாகக் கிடப்பதில்லை. அவர் பற்றுகிறார், சார்கிறார், புகுகிறார். வினை அவருடையது.

'மதலை' என்னும் சொல்லையும் கூறாது விட இயலாது. மதலை என்றால் குழந்தை. மதலை என்றால் தூண், முட்டு என்றும் பொருள். கறையான் அரித்த ஆலமரத்தை அதன் விழுதே ஊன்றி நின்று காப்பதுபோல, தளர்ந்த தந்தையைத் தனயன் தாங்குவான் என நாலடியார் கூறும் இடத்தில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடுகின்றன. பெரியாரைத் துணைக்கோடலில் வள்ளுவரும் மதலை என்னும் சொல்லைத் தாங்கும் துணை என்னும் பொருளில் ஆள்கிறார். உரைகள் 'மகன்' எனப் பொருள் கொண்ட இடங்கள் பல. ஆனால் மதலை என்னும் சொல்லுக்குப் பால் வேறுபாடு இல்லை. குழந்தை எனில் பெண் குழந்தையும் குழந்தையே. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் காக்கும் கடமை மகனுக்கும் மகளுக்கும் பொது என வரையறுத்தது. மகளும் தூணாவாள் என்பதற்கு மதலை என்னும் சொல் நெடுங்காலமாகவே இடம் வைத்திருந்தது.

நம் ஊர்க் கல்லில் உள்ள சொல்

உத்திரமேரூரில் நின்றுகொண்டு கல்வெட்டைத் தொடாமல் பேச்சை முடிக்க இயலாது. தமிழகக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர் பரவலாக வருகிறது. கோயிலில் நந்தா விளக்கு எரிய ஒருவர் ஆடுகளை அளிப்பார். ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். இடையர் அவற்றை மேய்த்து நாள்தோறும் நெய் அளப்பார். ஆடு சாகும், மூக்கும். ஆனால் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே அது சாவாதது, மூவாதது. நிலையான ஆதரவு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இத்தொடரைவிடச் சுருக்கமாகச் சொல்லல் அரிது. அளித்ததை உண்டு தீர்க்காமல் வளர்த்துக்கொண்டு பயன்கொள்ள வேண்டும். மேய்ப்பவருக்கும் வாழ்வு இருக்க வேண்டும். ஏரியின் பராமரிப்புக்கென ஒதுக்கிய நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டதும் இவ்வகையினதே. ஏரி வயலைத் தாங்க, வயலின் ஒரு பகுதி ஏரியைத் தாங்கியது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்த முறை அவற்றில் பதிவாகியுள்ளது. சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்திற்கு ஆகார் என்பது விதி. இதனை நாம் பெருமையோடு கூறுகிறோம், கூற வேண்டியதே. ஆனால் அக்குடத்தில் யார் பெயர் விழுந்தது என்பதையும் உடன் கூறவேண்டும். வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 அகவைக்குட்பட்ட பிராமண ஆடவர் பெயர்கள் அவை. ஏரியில் மண் சுமந்தவர் பெயரோ, அவர் வீட்டுப் பெண்டிர் பெயரோ குடத்தில் விழ வழியில்லை.

சொல்லின் வரலாறு இங்கே சுவையான திருப்பம் கொள்கிறது. நெடுங்காலம் கல்லில் கிடந்த 'வாரியம்' என்னும் சொல்லை, ஆங்கிலப் 'போர்டு' என்பதற்கு நிகராக இக்காலத் தமிழ் எடுத்தாண்டது. மின்சார வாரியம், குடிநீர் வாரியம் என வழங்கியது. பின்னர் நல வாரியங்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்க்கு 1994-இல் நல வாரியம் அமைந்தது. திருநங்கையர்க்கு 2008-இல் அமைந்தது. இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது அது. அன்று கல் சுமந்தவர் புக முடியாத சொல்லில் இன்று சித்தாள் தம் அடையாள அட்டையோடு புகுகிறார். ஒரு சொல் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அச்சொல் முடிவு செய்வதில்லை. அதை ஆளும் மக்களே முடிவு செய்கின்றனர்.

அலுவலகச் சொற்கள்

இனி, அலுவலகங்களில் நாளும் புழங்கும் சில சொற்களைக் காண்போம். அவற்றுள் முதலாவது 'ஆதரவு'. வடமொழி 'ஆதரம்' என்பதிலிருந்து வந்த இச்சொல்லின் வேர்ப்பொருள் மதிப்பு, பரிவு என்பதாகும். 'ஆதாரம்' என்பது வேறு வேரினது. தாங்கி நிற்கும் அடிப்படை என்பது அதன் பொருள். 2010 முதல் நாட்டு மக்களுக்கு வழங்கப்படும் ஆதார் எண்ணின் பெயர் இதிலிருந்து வந்ததே. நெல்லுக்கு அரசு அறிவிக்கும் விலையைச் சில நாளிதழ்கள் 'ஆதரவு விலை' என்றும், சில 'ஆதார விலை' என்றும் எழுதுகின்றன. வேரின்படி நோக்கினால் ஆதார விலை என்பது உழவர் விழாதிருக்க இடும் அடித்தளம். ஆதரவு விலை என்பது உழவருக்குக் காட்டும் மதிப்பு. நம் வட்டார உழவருக்கு இரண்டும் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாட்கணக்கில் காவல் கிடப்பவருக்கு, விலை கிடைத்தாலும் மதிப்புக் கிடைத்ததாகக் கூற முடியுமா?

'மானியம்' என்பது மற்றொரு சொல். 'மான்யம்' எனில் மதிக்கத்தக்கது. தொண்டு செய்தார்க்குச் சிறப்பாக விடப்பட்ட வரியில்லா நிலம் மானியம் எனப்பட்டது. இன்று உரத்திற்கும் எரிவாயுவிற்கும் தரப்படும் தொகைக்கு அப்பெயர். பெயரில் மானம் இருக்கிறது. பெறுவோர் நிற்கும் வரிசையில் அது எப்போதும் இருப்பதில்லை. மணமுறிவில் தரப்படுவதை ஆங்கிலத்தில் 'மெயின்டனன்ஸ்' என்பர். கையில் பிடித்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். நாம் கூறும் 'ஜீவனாம்சம்' என்பதோ வாழ்வதற்குரிய பங்கு எனப் பொருள்படும். கை என்றால் விரும்பினால் பிடிக்கலாம், விடலாம். பங்கு என்றால் கேட்டுப் பெறலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், தந்தையை இழந்த மாணவி ஒருத்தி தன் தாய்க்குரிய விண்ணப்பத்தை நிரப்ப உதவுமாறு என்னிடம் வந்தாள். விண்ணப்பத்தின் தலைப்பில் 'ஆதரவற்ற விதவை' என்றிருந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பின் அவள் தயங்கி நின்றாள். 'அம்மா, நான் இருக்கிறேனே. எங்கள் அம்மாவை ஆதரவற்றவர் என்று நானே எப்படி எழுதிக் கொடுப்பது?' என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. 1975 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்டுவரும் அந்த ஓய்வூதியம் எத்தனையோ இல்லங்களில் உலை கொதிக்கச் செய்திருக்கிறது; அதை நான் குறை கூறேன். வருவாய் இல்லாமையைச் சுட்டவே அச்சொல் சட்டத்தில் வந்தது என்பதும் அறிவேன். ஆனால் அந்தப் பெண்ணின் செவியில் அது வேறு பொருளில் விழுந்தது. ஆதரம் என்றால் மதிப்பு. ஆதரவற்றவர் என்றால் மதிப்பார் யாரும் இல்லாதவர். உதவி பெறுவதற்கு முன் தன் தாய் அந்நிலையில் இருக்கிறார் எனக் கையெழுத்திட வேண்டியிருந்தது. மதலை ஒருத்தி அருகே நிற்கும்போதே, தூணில்லை என எழுத வேண்டியிருந்தது.

சொல்லை மாற்றினால் சோறு வந்துவிடுமா எனச் சிலர் கேட்கலாம். வராது. ஆனால் சோற்றை எடுக்கும் கை கூசாதிருக்கும். சொற்கள் மாற இயலும் என்பதற்குச் சான்றுகளும் நம் கண்முன் உள்ளன. 'ஊனமுற்றோர்' என வழங்கிய அரசு ஆவணங்களில் 2010-இல் 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல் இடம்பெற்றது. சில ஆண்டுகளிலேயே தெருவிலும் அது பரவிற்று. 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் நம் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பெற்ற மகளிர் திட்டத்திற்கு 'உரிமைத் தொகை' எனப் பெயரிடப்பட்டது. கட்சி வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டுச் சொல்லாய்வு நோக்கில் மட்டும் கூறுகிறேன்: 'உதவித் தொகை' என்றிருந்தால் பெறுபவர் கீழே நிற்பார், 'உரிமைத் தொகை' என்னும்போது நிமிர்ந்து நிற்கிறார். தொடங்கியபோது தொகை மாதம் 1000 ரூபாய்தான். சொல்லோ அதற்குமேல் ஒன்றைச் சேர்த்துத் தருகிறது.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கவிஞர் பெருமக்களே, சட்டத்திற்குச் சொல் வகுப்பவர் அலுவலகத்தில் இருக்கலாம். அச்சொல்லுக்கு நிகராக நல்ல சொல்லொன்று மக்கள் நாவில் முன்னரே இருந்தால், அவர் அதை எடுத்துக்கொள்வார். அத்தகைய சொற்களைப் புழக்கத்தில் வைத்திருப்பது உங்கள் பணி. 'ஆதரவற்றோர்' என்பதற்கு நிகராகக் கூசாமல் சொல்லத்தக்க ஒரு சொல்லை இவ்வட்டம் தேடித்தரக் கூடாதா? கூட்டம் ஒன்றை இதற்கென ஒதுக்கி, ஊர்ப்பெண்டிரையும் அழைத்து, அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்ள விரும்புகின்றனர் எனக் கேட்டறிய வேண்டுகிறேன். பெயரிடப்படுபவரைக் கேட்காமல் பெயரிடுவது நெடுநாள் வழக்கம். அதை நாம் தொடர வேண்டியதில்லை.

நிறைவாக, இவ்வட்டத்தைப் பற்றி ஒன்று கூறுவேன். சங்க இலக்கியத்தில் புரவலர், இரவலர் என இரு சாரார் வருகின்றனர். ஆங்கிலப் 'பேட்ரன்' என்பதன் வேரில் தந்தை இருக்கிறார். நம் புரவலர் என்பதன் வேரில் காத்தல் இருக்கிறது. புலவர் வாழ்வு அவர்களை நம்பியிருந்தது உண்மையே. ஆனால் பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படையாக அமைந்திருப்பதை நினைவுகூர்க. அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை நம் காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் வழிகாட்டுவது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வாடி நிற்கும் மற்றொரு பாணனைக் கண்டு, 'இவ்வழியே செல்க' எனக் கூறுகிறான். தான் பெற்றதை ஒளிக்காமல், போட்டியாளன் எனக் கருதாமல், வழி முழுவதையும் விளக்குகிறான். கொடுத்தவன் புகழ் பாடப்பட்டது. ஆனால் துணையாய் நின்றவன் அந்த முதற்பாணன். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் ஒருவர் கவிதையை மற்றொருவர் செவிகொடுத்துக் கேட்டுத் திருத்தியதும், இதழ் முகவரிகளைப் பகிர்ந்ததும், புதிதாக எழுதுவோரை மேடையேற்றியதும் அப்பாணன் செய்த வேலையே ஆகும்.

மலரின் முதற்பக்கங்களில் புரவலர் பெயர்கள் அச்சாகட்டும், அவர்கள் நன்றிக்குரியவர்கள். அவர்தம் பெயர்களை அடுத்து, நாற்காலி அடுக்கியவர், அழைப்பிதழ் கொண்டு சென்றவர், கூட்டத்திற்குத் தேநீர் தந்தவர் ஆகியோர் பெயர்களையும் 'துணை' என்னும் தலைப்பில் அச்சிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அளவு என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை மறவாமல், அவர்கள் பெயர்களும் புரவலர் பெயர்களுக்குரிய அதே எழுத்தளவில் அமையட்டும்.